மாமியாரை விரட்டிய பாதிரியார்

கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தாள் பெர்லித்தா.

"என் புருஷனை என்ன பண்ணித் தொலைச்சீங்க, ஃபாதர்?"

பாதிரியார் யூசேபியோ மனநல நிபுணரும்கூட. இலோயிலோ நகரில் ஹிப்னாடிசம் என்றால் எல்லோரும் கைகாட்டுவது அவரைத்தான்.

"ஏன், மகாரியோ இன்னும் தூங்கலையா?"

"குறட்டை விட்டுத் தூங்குறார்!"

"அப்புறம் எதுக்கும்மா கோபம்? அவர் தன்னோட அம்மா செத்த துக்க வீட்ல இருந்து வழியில எங்கயும் உட்காராம நேரா வீட்டுக்கு வந்துட்டார். அப்படி வந்தா செத்தவங்க ஆவி பின்னாலயே வரும்னு நம்ம ஊர் நம்பிக்கை; அதனால அம்மாவோட ஆவியும் கூடவே வந்துடுச்சுன்னு நடுங்கினார். மூடநம்பிக்கைன்னு நான் சிரிக்கலை. மயக்கத்துல அவரை மறுபடி அந்தத் துக்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போனேன். திரும்புற வழியில ரொட்டிக் கடையில உட்கார வெச்சேன். காபி குடிச்சார், அம்மாவை அங்கயே விட்டுட்டுத் தனியா வீடு வந்து சேர்ந்தார்."

"உங்களை யாரு விடச் சொன்னா?" மேஜையில் ஓங்கி அறைந்தாள்.

"மாமியார் மேல அவ்வளவு பாசமா?"

"பாசமா? உசுரோட இருந்தவரைக்கும் அந்தக் கிழவி என்னை நிம்மதியா சோறு திங்க விட்டதில்லை!"



பெர்லித்தா கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் கன்றிப்போய், வீங்கி மூடியிருந்தது.

"அந்த மனுஷனுக்குப் பயம்னா அம்மாகிட்ட மட்டும்தான். வீட்ல அவங்க பாத்துட்டு இருக்காங்கன்னுதான் இத்தனை நாளா என்மேல கை வைக்கலை. நேத்து நல்லாத் தூங்கி எழுந்தார். எழுந்ததும் இது."

கண்ணாடியை மேஜைமேல் வீசினாள்.

"இப்பவே அந்த ரொட்டிக் கடைக்குப் போய், கிழவியைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க!"