வெளிப்பூச்சு

“உள்பக்கம் பூசணும் பெரியவரே. நீங்க வெளிப்பக்கம் பூசிக்கினு இருக்கீங்க.”

பொன்னுரங்கத்தின் கை நிற்கவில்லை. படகுப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே உருக்கிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பது அவர் தொழில். பழவேற்காட்டில் பாதிப் படகுகள் அவர் கைபட்டு மிதப்பவை. இன்று அவர் முன்னால் ஏரிக்கரையில் கவிழ்ந்திருந்ததோ ஒரு கண்ணாடி மீன் தொட்டி. ஒரு ஆடு தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரியது.

“எந்தப் படகுக்காவது உள்பக்கம் பூசிப் பாத்துகிறியா தம்பி?”

“படகுக்குத் தண்ணி வெளிய. தொட்டிக்குத் தண்ணி உள்ள,” என்றான் மீரான்.

இப்போது கை நின்றது. பொன்னுரங்கம் தொட்டியின் சொந்தக்காரனைச் சந்தேகத்தோடு பார்த்தார். “இன்னா பாய், உன் மச்சினன் சொல்றதும் நாயமாத்தான கீது?”

“வெளியவே பூசுங்க,” என்றான் இறால் வியாபாரி பஷீர். “நாளைக்குச் சாயங்காலம் அவ வந்துடுவா. அதுக்குள்ள தொட்டி தண்ணியில எறங்கலன்னா நான் அவ மூஞ்சில முழிக்க முடியாது.”

அவள் என்றால் உம்மு ஹானி. பஷீரின் மனைவி, அவர்களோடு தங்கியிருக்கும் மீரானின் அக்கா. மீஞ்சூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். முன்பொரு தடவை அங்கே டாக்டர் வீட்டில் கலர் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, தன் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் நின்றவள் அவள். நம் வீட்டிலும் ஒன்று வைக்கலாம் என்று கேட்டபோதெல்லாம், “ஏரி நெறைய மீன் கீது, போய்ப் பாத்துக்கோ” என்பதே பஷீரின் பதில். அப்படிப்பட்டவன் போன வாரம் திடீரென்று வந்து, “பெரிய தொட்டியா ஒண்ணு பாருடா. பழசானாலும் பரவால்ல” என்றபோது மீரான் அன்றைக்கே தேடக் கிளம்பிவிட்டான். மச்சானுக்குள்ளும் இப்படி ஒரு மனசு இருந்திருக்கிறது.

தொட்டி மீஞ்சூரில் ஒரு ஹோட்டலில் கிடைத்தது. ஹோட்டல்காரர் டி.வி. வாங்கிய பிறகு மீனை யாரும் பார்ப்பதில்லையாம். மூலைகளில் கண்ணாடியை ஒட்டிய லப்பம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

“ஒழுகும். இப்பவே சொல்லிட்டேன்,” என்றார் அவர். கலர் கல், சிப்பி, காற்று விடும் மோட்டார் எல்லாம் சும்மாவே தருவதாகவும் சொன்னார்.

“அதெல்லாம் வேணாம்,” என்றான் பஷீர். தொட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டு அடிக்கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். “உன் கால் நகம்கூட சுத்தமா தெரியுதுடா மீரான். ஊட்டுக்குப் போனதும் வெட்டு.”

பஸ்ஸில் கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மீன் கூடையே ஏத்த மாட்டேன். நீங்க மீனோட ஊட்டையே தூக்கினு வந்துட்டீங்களே.” கெஞ்சிக் கூத்தாடி, பழைய வலைகளைச் சுற்றிக் கூரைமேல் ஏற்றினார்கள். திருப்பாலைவனம் தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் பஷீர் கண்ணை மூடிக்கொண்டான்.

இத்தனை பாடுபட்ட தொட்டிக்குத்தான் இந்த வெளிப்பூச்சு. மீரான் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். “மச்சான், உள்ள தண்ணி ஊத்துனா பூச்சு பிச்சிக்கினு போயிடும். அக்கா வந்து பாக்கறப்ப நடு ஊட்ல ஏரிதான் இருக்கும்.”

“வாய மூடிக்கினு அந்தப் பஞ்ச எடு.”

மறுநாள் விடிந்ததும், காற்று எழும்புவதற்குள், பஷீர் தொட்டியை ஏரிக்குக் கொண்டுவரச் சொன்னான். காலித் தொட்டியை மெல்லத் தண்ணீரில் வைத்தார்கள். ஆடி ஆடி நின்று மிதந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“பாத்தியா?” என்றார் பொன்னுரங்கம்.

“பாத்தேன். மீனுங்கள எல்லாம் வெளிய வுட்டுட்டு நாம உள்ள குந்திக்கலாம்,” என்றான் மீரான்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த வேலு சிரித்தான். “இன்னா பாய், கண்ணாடிப் படகா? எப்போ மொத சவாரி?”

பஷீர் தொட்டியைப் பொன்னுரங்கத்தின் படகோடு கயிற்றால் கட்டினான். மூவரும் ஏறிக்கொள்ள, பொன்னுரங்கம் கோல் ஊன்றித் தள்ளினார். வலை கட்டும் கழி ஒன்றின் அருகே வந்ததும், “இங்கதான், நிறுத்துங்க,” என்றான் பஷீர்.

மீரானுக்குப் பொறுமை போய்விட்டது. “ஒழுகலன்னுதான் பாத்தாச்சே மச்சான். ஊட்டுக்குப் போயி உள்ள தண்ணிய ஊத்திப் பாக்கலாம்.”

“ஒரு சொட்டு உள்ள வுழக் கூடாது,” என்ற பஷீர் படகில் குப்புறப் படுத்து, தலையைத் தொட்டிக்குள் விட்டான். வெகுநேரம் அசையவில்லை.

“எந்த மீனத் தேடுறீங்க?” என்று கேட்டான் மீரான்.

தொட்டிக்குள்ளிருந்து குரல் முழங்கியது. “கழிக்கு இந்தப் பக்கம் எறங்குடா. சேத்தக் கலக்காத. கைய இப்பிடி வுடு... இன்னும் கொஞ்சம்... ஆங், புடி.”

மார்பளவுத் தண்ணீரில் மூழ்கி எழுந்த மீரானின் விரல்களில், கல்யாணத்தன்று அவனுடைய அம்மா அக்காவின் கழுத்தில் போட்ட பவுன் சங்கிலி தொங்கியது.

“கொக்கி மாத்தி வெக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போனா. மாத்தி வாங்கினு வந்த கையோட இங்க வலைக்காரங்க படகுல எறா நிறுக்கக் குனிஞ்சேன், பையிலேர்ந்து வுழுந்துடுச்சி,” என்றான் பஷீர், தலையை வெளியே எடுத்து. “உங்கக்காகிட்ட வாயத் தொறந்த, இந்தத் தொட்டியில உன்னத்தான் வளப்பேன்.”