கழற்றாத படம்

எலும்பைக் கருவிக்குள் வைத்தால், இறந்தவர் யார், சுட்டது யார் என்று அரை மணியில் சொல்லிவிடும். இருபது வருடக் காத்திருப்புக்குப் பிறகு பரிமளத்தின் முறை வந்தது.

"உங்கட மகள் நிரோஜினிதான், அம்மா," என்ற அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா சுட்டது ஆமியில்லை. கடலேரியைக் கடக்கேக்க பின்னால நிண்டு எங்கட இயக்கப் பெடியள்தான் சுட்டிருக்கினம். கையெழுத்து வைச்சால் பிள்ளையைக் கொண்டுபோகலாம். முடிவு இண்டைக்கே டிவியில வரும். வைக்காட்டி எலும்பும் முடிவும் இங்கயே கிடக்கும்."

டிவியில் வந்தால், எல்லாரையும் நீங்களேதான் கொன்றீர்கள் என்று அரசாங்கம் சொல்லும். காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் போட்ட போராட்டக் கொட்டகையில் அவளோடு இருக்கும் செல்வராணி, போர் முடிந்த நாளில் மகனைத் தன் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்தவள். பிறகு அவளுக்கு யார் பதில் சொல்வார்கள்?

தட்டில் கிடந்த மணிக்கட்டு எலும்பில், சிறுவயதில் கொய்யாமரத்திலிருந்து விழுந்து கை முறிந்து பொருந்திய அதே தடிப்பு இருந்தது. தொடப்போன கையைப் பரிமளம் மடக்கிக்கொண்டாள்.

"இது என்ர பிள்ளையில்லை, தம்பி. மிஷின் பிழை."

பிள்ளை கிடைத்தவர்கள் கொட்டகையில் தொங்கும் பிள்ளையின் படத்தைக் கழற்றி, மாலை போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்.

"என்னக்கா, படத்தைக் கழற்றவோ?" என்று கொட்டகைக்குத் திரும்பி வந்தவளைக் கேட்டாள் செல்வராணி.

"இல்லையடி."

"அப்பாடா. என்னைத் தனிய வெயில் காய விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு பயந்திட்டன்."

பரிமளம் சேலைத் தலைப்பால் நிரோஜினியின் முகத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, படத்தின் கீழே உட்கார்ந்தாள்.