பாறைக்குப் பக்கத்தில் நின்ற பையன்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் பல்லும் கொட்டிப் போகட்டும். சத்தியம்!

"இந்தப் பையனை வெட்டி எடுத்திடுங்க. அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் மகன், நாற்காலியில் உட்காரும் முன்பே.

ஆவணக் காப்பகத்து அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். மேசை முழுக்க அவருடைய அப்பா எடுத்த புகைப்படங்கள். அப்பா நிலவியலாளர், மதத் தலைவரும்கூட. பகலெல்லாம் பாறை, பொழுது சாய்ந்தால் பிரசங்கம். அவர் கண்ணை மூடியபோது ஊரே திரண்டு அழுதது. மகன் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் படங்களைக் கண்காட்சியில் வைக்க அவர் சம்மதம் வேண்டும்.

"யாரு சார் இந்தப் பையன்?"

"நான்தான். பாறை எவ்வளவு பெரிசுன்னு தெரியப் பக்கத்துல ஏதாச்சும் வைக்கணும். மத்தவங்க சுத்தியல் வைப்பாங்க. எங்கப்பா என்னை வச்சார். 'அசையாம நில்லு'ன்னு சொல்வார். வேற பேச்சே கிடையாது. ஊருக்கெல்லாம் தகப்பன், எனக்கு வெறும் போட்டோக்காரர்!"

"அதுக்காகச் செத்தவர்கிட்ட வீம்பா? பெத்த மனசு என்ன பாடு..."

"உங்க பிரசங்கம் வேறயா? வீட்டுலயே வயிறு முட்டக் கேட்டாச்சு. கத்திரிக்கோலை எடுங்க."

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் சார் வெட்டுறது."

முணுமுணுத்தபடி அம்மாள் படங்களை வரிசையாக அடுக்கினாள். அரை டிரவுசர் பையன். முன்பல் விழுந்த பையன். அரும்பு மீசைப் பையன்.

"எல்லாம் ஒரே பாறையால்ல இருக்கு! அப்படி என்ன அபூர்வக் கல்லு?"

"அபூர்வமாவது! எங்க கொல்லையில கிடந்தது. அம்மா துணி காயப்போடுவாங்க. 'தடுக்கி விழுந்தா இந்த மாதிரிக் கல்லு மேலதான் விழணும், அவ்வளவு மலிவு'ன்னு அப்பாவே சிரிப்பார்."

"அப்ப வருஷா வருஷம் எதை அளந்தார்? கல்லு வளருமா, சார்?"

மகன் குனிந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பாறையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. முதல் படத்தில் பையன் தலை அதை எட்டவில்லை. அப்புறம் எட்டியது. அப்புறம் தாண்டியது. கடைசியில் பாறையே அவன் தோளுக்குத்தான் வந்தது.

"இதுக்கப்புறம்?"

"சண்டை போட்டுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டேன்."

"இன்னும் படம் இருக்கே, சார்."

அம்மாள் மிச்சத்தையும் பரப்பினாள். அதே கொல்லை. அதே பாறை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, வருஷா வருஷம் எடுத்த படங்கள். கடைசிப் படம் கை நடுங்கி மங்கலாக விழுந்திருந்தது.

"இதுல யாரை வெட்டணும், சார்?" என்றாள் அம்மாள், மெல்ல.

மகன் அன்றைக்கு அழுத அழுகையை நான் சொன்னதாக எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். கண்ணில் தூசி விழுந்தது என்றுதான் மனிதர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.