எழுந்து நிற்பவர்கள்

அதிபர் கையெழுத்திட மறுத்துத் திருப்பியனுப்பிய சட்டத்தை அவரை மீறி நிறைவேற்ற, அவையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுந்து நிற்க வேண்டும். இதுவரை அப்படி நடந்ததே இல்லை. இன்று ஒரே ஓர் ஆள்தான் குறைந்தது.

"இன்னும் யாராவது எந்திரிக்கிறீங்களா?" சபாநாயகர் தில்லைநாயகி கடைசியாக ஒருமுறை கேட்டார். அதிபரின் கட்சிக்காரர்கள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு திறந்தது. எழுந்தவர்களின் முகங்களை நேரில் பார்த்துவைக்க அதிபரே வந்துவிட்டார். அவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் விருட்டென்று எழுந்தார்கள்.

"உட்காருங்கய்யா!" என்று அலறினார் அதிபர்.

அவர் நிற்கும்போது அவர்கள் உட்கார்ந்ததே இல்லை. அந்த அவையில் அவருக்கு நாற்காலியும் கிடையாது.

தில்லைநாயகி அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ண ஆரம்பித்தார்.