பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆந்தை

“ஏன்னா, இன்னிக்காவது அந்த கஸ்டமர் கேர்காரனை நறுக்குனு நாலு வார்த்தை கேளுங்கோ! மாசக்கணக்கா ஒரு ஜாதகம்கூட வரல!”

காமாக்ஷிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. மகள் விஷாகாவுக்கு வயது முப்பது. கல்யாண சைட்டில் அவள் பக்கத்தைத் திறந்தால் பெயர் மட்டும் நிற்கிறது. படிப்பு, வேலை, பிளசன்டனில் இருக்கும் வீடு எல்லாம் மாயம். எத்தனை முறை போட்டாலும் இதே கூத்து.

“நேத்தே கத்தித் தீர்த்துட்டேன் காமு. சர்வரை மாத்தறாளாம்!” கஸ்தூரிரங்கன் போனை சோபாவில் எறிந்தார். “டேட்டாபேஸ்லயே குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன் நான். என்கிட்டயே கதை விடறான்!”

“லெட் மீ சீ,” என்று விஷாகா லேப்டாப்பை இழுத்தாள். மூவரும் சேர்ந்து எழுதிய பயோடேட்டா. அதைத்தான் அப்பா சைட்டில் ஒட்டுவார்.

“வாட் இஸ் திஸ் பேர்ட்?”

பெயருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு பறவை.

“கருடன்டி! பெருமாள் அனுக்கிரகம்னு தினம் கன்னத்துல போட்டுக்கறேன்.”

“ஐயோ அம்மா, ஆந்தை! எஜிப்ஷியன் எழுத்து. யூனிகோட்ல இதைச் சேமிக்க நாலு பைட் இடம் வேணும். அந்த ஓட்டை சைட் ஒரு எழுத்துக்கு மூணுதான் தாங்கும். இது வந்த இடத்துலேர்ந்து மிச்சத்தை வெட்டிடும்.”

காமாக்ஷி இடுப்பில் கை வைத்தாள். “கல்யாணம் வேண்டாம்னா வாயால சொல்லித் தொலையேன்! ஆந்தையை எதுக்குடி தூது விடறே?”

“நான் போடலம்மா! வேண்டாம்னா நேரா நோ சொல்ல மாட்டேனா? இது கீபோர்டுலயே கிடையாது. யாரோ தேடிப் பிடிச்சு பேஸ்ட் பண்ணியிருக்கா.”

அவள் ஆந்தையை அழித்துவிட்டு மறுபடி ஒட்டினாள். படிப்பு, வேலை, வீடு எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“அப்பாடா! அந்த சைட்காரனோட மல்லாடியே என் பிராணன் போயிடுத்து,” என்றபடி கஸ்தூரிரங்கன் மாடியேறினார்.

பக்கத்து ஊரான லிவர்மோர் கோவிலில் ஓர் அர்ச்சனை பண்ணிவிட்டால் காமாக்ஷிக்கு நிம்மதி. கிளம்பலாம் என்று கணவரைக் கூப்பிட மாடிக்குப் போனவள், அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னும் ஒரே ஒரு வருஷம் அப்பாவோட இருந்துட்டுப் போயேண்டி... இதை ஆதிசேஷன்னு உங்கம்மா கன்னத்துல போட்டுப்பா,” என்று முணுமுணுத்தபடி, எகிப்து எழுத்துகளிலிருந்து ஒரு பாம்பைப் பொறுக்கி மகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார் கஸ்தூரிரங்கன்.