கொலுசு கழுவுற பிரஷ்

வீட்டிலுள்ள எல்லாருடைய பிரஷ்ஷையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார் பல் டாக்டர். சுகந்தி பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கணவனுடையது, பிள்ளைகளுடையது எல்லாம் புத்தம் புதுசு. கடைசியாக வந்ததில் நார் நாலாபக்கமும் பிரிந்து படுத்துக் கிடந்தது. டாக்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது எதுக்கும்மா?"

"ஐயோ, அது கொலுசு கழுவுறது. தெரியாம வந்திருச்சு."

"இல்லம்மா, அது உன்னோட..." என்று ஆரம்பித்த மகள் ஓவியாவின் தொடையில் மேசைக்கடியில் ஒரு கிள்ளு விழுந்தது. பிரஷ் குப்பைத்தொட்டிக்குப் போனது.

"சரி, முதல்ல உங்களைப் பார்ப்போம். வாயைத் திறங்க."

கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். கலங்கிய கண்ணோடு தொடையைத் தடவிக்கொண்டிருந்தாள் ஓவியா. சுகந்திக்கு உதடு பிரியவே மாட்டேனென்றது.