எட்டுக்குப் பக்கத்தில் பதினாறு

“இந்த நம்பர் எதுக்கு?” என்று அவன் மறுபடியும் கேட்டான்.

மனைவி சூடான பற்றவைப்புக் கோலை அதன் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேஜை மேல் அவள் செய்த கணினி. பார்ப்பதற்கு அந்தக் காலத்துச் சாமான்தான்: விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி, டிவியில் சொருகினால் ஓடும். உள்வேலை அத்தனையும் அவளுடையது. மரப்பெட்டி அவனுடையது.

பெயர் மட்டும் அவனைக் கேட்காமல் வைத்தாள். 816.

“வேற பேரா கிடைக்கல உனக்கு? மயில், குயில்னு ஏதாவது வெச்சிருக்கலாம்ல?”

“மயில்னு வெச்சா ஆடுமான்னு கேப்பாங்க.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்தே சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தான். எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் இவள் இந்த எண்ணைப் பிடித்திருக்கிறாளோ? அப்படியிருந்தால் குடும்பமே கையைவிட்டுப் போய்விடும்.

“புராசசர் சிப்பைப் பாத்து வெச்ச பேருங்க. எட்டு, பதினாறு. உள்ள கணக்குப் போடுறது பதினாறு பிட்டுல. வெளிய அனுப்புற வழி எட்டு பிட்டுதான். அதனால ஒரே விஷயத்தை ரெண்டு பாதியா சொல்லும்.”

சொன்னதும் நம்பிவிடுகிற ஆளா அவன்?

அவள் டீ போடப் போனதும் பூதக்கண்ணாடியை எடுத்தான். சர்க்யூட் பலகையை வெளிச்சத்தில் சாய்த்தான். தரவு போகும் வழி என்று அவள் குறித்திருந்த செப்புக் கோடுகளைப் பல்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டான்.

எட்டுதான். பதினாறைக் காணோம்!

“திருட்டுத்தனமா எண்ணியாச்சா?” டீயோடு வாசலில் நின்றிருந்தாள். “பதினாறு சிப்புக்குள்ள இருக்கு. வெளிய தெரியாது.”

“உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? பலே ஆளுதான் உன் சிப்பு.”

“ஆமா. நம்ம வீட்டுக்கு ஏத்த ஆளு.”

அவன் கண்ணாடியைச் சிப்பின் முதுகுக்கு நகர்த்தினான். பொடி எழுத்துகள். நீளமான எண்ணின் கடைசியில் 816 என்றே அச்சடித்திருந்தது.

அப்பாடா. இவள் வைத்ததில்லை. சிப்பைச் செய்தவனே வைத்தது.

அன்றைக்கு அந்த டீ அவ்வளவு ருசித்தது.

அழைப்புமணி அடித்தது. பெயர்த்தகடு செய்பவர், கையில் ஒரு சின்னப் பெட்டியுடன்.

“சிப்பு பேரையே மிஷினுக்கும் வெச்சுட்டா பாத்தீங்களா!” என்றான் அவன், பாரம் இறங்கிய உற்சாகத்தில்.

“சிப்பா? அது பின்னாடி வந்தது சார். நம்பர் சொல்லி ஆர்டர் குடுத்தப்போ, இதுக்குப் பொருந்துற சிப்பு ஒண்ணு இருக்கான்னு இனிமேதான் தேடணும்னாங்க மேடம். கிடைக்காட்டியும் நம்பர் மாறாதுன்னாங்க.”

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தான்.

முட்டை வடிவத்தில் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றிலும் 816. அடிவயிறு பெருத்த எட்டு.

மரம் எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவன் தங்கிய விடுதியில், எட்டாவது மாடியில், அந்த அறைக்கதவில் இருந்த அதே தகடு. அந்த அறையில் அவன் தனியாகத் தங்கவில்லை.

மனைவி திருப்புளியை நீட்டினாள்.

“கம்ப்யூட்டர் பெட்டிக்கு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நம்ம ரூம் கதவுல ஒண்ணு மாட்டுங்க. எந்த உயரத்துல இருந்துச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும்.”